கல்லலிலிருந்து காரைக்குடிக்கு மிகச் சிறந்த பாதை

கல்லலிலிருந்து காரைக்குடிக்குப் போக வழிக்கா பஞ்சம்? பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, அவசரமென்றால் யாராவது பைக்கில் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் நடந்தாவது பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். போய்ச் சேர முடியாமல் திண்டாடியது ஒன்றே ஒன்றுதான். கல்லல் கிளை மருத்துவமனையில் எடுக்கிற தலை ஸ்கேன். அதற்கு மட்டும் வழி பார்த்துச் சொல்ல ஒரு கமிட்டி இருந்தது.

கமிட்டியைப் போட்டது சீமை அறக்கட்டளைகள் கூட்டமைப்பு. ஊருக்கு ஒரு டிரஸ்ட், டிரஸ்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பங்களா ஹோட்டல். இத்தனையையும் ஒரே கம்ப்யூட்டர் வலையில் கட்டிப் போட்டிருந்தார்கள். ஆசியாவிலேயே பெரிய அறநிலைய வலை என்று தலைவர் காசிவிஸ்வநாதன் மேடைக்கு மேடை சொல்வார். ஆசியாவில் வேறு யாரும் இப்படி ஒன்றை வைத்திருப்பதாகத் தெரியாததால் யாரும் மறுத்ததில்லை.

காளீஸ்வரி கல்லல் கிளையின் தலைமை நர்ஸ். வலையைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: மெஷின் கல்லலில் இருக்கிறது, படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் சௌபர்ணிகா காரைக்குடியில் இருக்கிறார். பக்கவாதம் என்று ஒருவரைக் கொண்டுவந்தால், தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா கசிந்திருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். கட்டியிருந்தால் ஒரு ஊசியில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடலாம். கசிந்திருந்தால் அதே ஊசிதான் எமன். அந்த ஊசிக்கும் நேரக் கெடு உண்டு. கெடு தாண்டினால் போட்டும் பயனில்லை.

இதெல்லாம் அவளுக்கு ஊரார் கதையாக இருந்தது, போன பங்குனி வரைக்கும். பங்குனியில் ஒரு காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் இருளாண்டிக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. காலை வேளையாக இருந்ததால் ஸ்கேன் சட்டென்று போய்ச் சேர்ந்தது. ஊசி ஏறியது, வாய் நேரானது, மறுவாரமே டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். டாக்டர் காளீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, “இது முன்னறிவிப்புக்கா. இன்னொன்னு வரலாம். வந்தா நேரத்தை மட்டும் விட்ராதீங்க” என்றார்.

அன்றிலிருந்து விடிந்ததும் அவளுக்கு ஒரே வேலை. “மாமா, சிரிங்க.” இருளாண்டி பல்லைக் காட்டுவான். உதடு இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். “பொண்டாட்டி சிரிக்கச் சொல்லிச் சிரிக்கிற ஒரே ஆம்பள நாந்தாண்டி இந்த ஊருல” என்பான் அவன்.

காலையில் பறக்கும் ஸ்கேன் சாயங்காலம் நத்தையாக ஊர்ந்தது. ஏன் என்று கூட்டமைப்பின் வலை அதிகாரி பாண்டியராஜனிடம் கேட்டாள். பாவம், நல்ல பையன், தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னான். “நம்மகிட்ட ரெண்டு கம்பெனி லைன் இருக்குக்கா. சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைக, ஹோட்டல்காரவுக எல்லாரும் ஏறிடுறாக. நம்ம ஸ்கேன் நெரிசலான லைன்லயே போயி மாட்டுது. அடுத்த லைன் காலியாத்தான் கெடக்கும், அதுக்குத் தெரியாது. எல்லாப் பாதையையும் விடாம அளந்து பாத்து நல்ல பக்கமாத் திருப்பிவிட டூலு இருக்கு. பெரிய வலை வச்சிருக்கவுக எல்லாம் போட்டிருக்காக.”

“அப்ப வாங்கிப் போட வேண்டியதுதானே தம்பி?”

“கமிட்டி போடணும்க்கா.”

காளீஸ்வரி மனுக் கொடுத்தாள், மறுபடி கொடுத்தாள், விடாமல் கொடுத்தாள். கடைசியில் கமிட்டி போட்டார்கள். விதிப்படி பயனாளர் பிரதிநிதி ஒருவர் வேண்டுமாம். குறை சொன்னவளையே கமிட்டியில் போட்டால் குறை பாதி தீர்ந்த மாதிரி என்று யாரோ சொல்ல, அவளையே போட்டார்கள்.

முதல் கூட்டம் காரைக்குடித் தலைமை அலுவலகத்தில். குத்துவிளக்கு ஏற்றி, தேவாரம் பாடி, கந்தரப்பம் தின்று, கை கழுவியபின் தலைவர் எழுந்தார். “டூலு வரும், போகும். கமிட்டிதான் நிலைக்கும். நம்ம முன்னோருக கப்பலேறிக் கடல் தாண்டி யாவாரத்துக்குக் கொண்டுவிக்கப் போனப்ப அவுகளுக்கு யாரு டூலு போட்டுக் குடுத்தா? இருந்தாலும் காலத்துக்குத் தக்கன நாம மாறணும். மாறுறதுல ஒரு நிதானம் வேணும். அந்த நிதானத்துக்குப் பேருதான் இந்தக் கமிட்டி.” கைதட்டல்.

பாண்டியராஜன் எழுந்து, கல்லலில் கிளம்பும் ஸ்கேன் சாயங்காலத்தில் சென்னை, மும்பை, சில நேரம் சிங்கப்பூர் வரை போய்விட்டுத்தான் காரைக்குடிக்கு வருகிறது என்றான். குறை சொல்வதாகத்தான் அவன் நினைத்தான். கூட்டமோ நெஞ்சை நிமிர்த்தியது.

“சிங்கப்பூர் போயிட்டா வருது?” என்றார் நெற்குப்பை டிரஸ்டி ராமநாதன். “திரும்பி வருதுல்ல? பெறகென்ன? எங்க பெரியப்பச்சி போனவுக திரும்பவே இல்ல.”

முதல் டூலைக் கொண்டுவந்தவர் நெடுநேரம் விளக்கினார். தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார். “இது யாரைக் கேட்டுப் பாதையை மாத்தும்?”

“யாரையும் கேக்காது சார். தானே அளந்து தானே மாத்தும். அதுதான் இதோட சிறப்பு.”

“எங்க வீட்டுச் சமையக்காரன் குழம்புக்கு உப்புப் போடுறதுன்னாக்கூட ஆச்சியக் கேட்டுட்டுத்தான் போடுவான்” என்றார் தலைவர். “நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க.” அந்த டூலின் கதை அத்தோடு முடிந்தது.

இரண்டாவது டூல் நல்ல பாதை எது என்று சொல்லிவிட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கும். நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. எப்போதெல்லாம் கேட்கும் என்று விசாரித்தார்கள். நெரிசலைப் பொறுத்து, சில நாள் ஓயாமல் கேட்கும் என்றார் விற்பனையாளர். கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும் என்றார் தலைவர். அந்த மாதிரி நிறுவனம் எதையும் தான் பார்த்ததில்லை என்று விற்பனையாளர் சொன்னதை அவர்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். எதையும் மாற்றாமல் சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும் என்று ஒரு மாதம் சோதனைக்கு விட்டார்கள்.

அந்தச் சோதனைதான் வினையாகப் போனது. டூல் தான் பார்த்ததையெல்லாம் படமாகச் சுவரில் காட்டியது. ஊர்களெல்லாம் புள்ளிகள், போகிற வருகிற தகவலெல்லாம் ஓடுகிற பச்சைக் கோடுகள். அடுத்த கூட்டத்தில் ராமநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனார்.

“இது எந்த ஊரு தம்பி?”

“நெற்குப்பைங்கய்யா. வடக்க போற கம்பி அந்த ஓரமாத்தான் போகுது.”

“அப்ப எங்க வாசல் வழியாத்தான் போகுது. உள்ள வந்து எட்டிப் பாக்கல.” அந்தப் புள்ளியை விரலால் தொட்டார். “சாமி ஊர்வலமே எங்க வீட்டு வாசல்ல நின்னு தீபாராதனை வாங்கிட்டுத்தான் நகரும். ஒரு ஸ்கேனுக்கு இம்புட்டு ஏத்தமா? இத்தனை வருசமா இப்படித்தான் போய்க்கிட்டு இருந்துச்சா?”

அட, அதற்கப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? நிற்பதென்றால் முதலில் எங்கள் ஊரில்தான் நிற்க வேண்டும் என்றார் கண்டரமாணிக்கத்துக்காரர். உங்கள் பாட்டனார் தேர்வடம் பிடித்த லட்சணம் தெரியாதா என்றார் ராமநாதன். நாற்காலி நகர்ந்தது, துண்டு பறந்தது, கூட்டம் கலைந்தது. ஆடி மாதம் முழுக்க மத்தியஸ்தம் நடந்தது. பாதையில் எவ்வளவு நெரிசல் என்று அளந்த தாள்களைப் பாண்டியராஜன் கையில் வைத்துக்கொண்டே அலைந்தான். அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில், திருவிழாவில் எந்த ஊருக்கு எந்த வரிசையில் மரியாதையோ, தகவலும் அதே வரிசையில் ஊர் ஊராக நின்று போவது என்று முடிவானது. நெற்குப்பை முதல். கண்டரமாணிக்கம் இரண்டாவது. அப்புறம் மற்ற ஊர்கள். கடைசியாகத்தான் காரைக்குடி டாக்டர். கல்லலில் இருப்பது வெறும் கிளை என்பதால் அதற்கு வரிசையில் இடமில்லை.

இந்த நேரத்தில்தான் மூன்றாவது டூல்காரர் வந்தார். வரும்போதே தலைவர் காலில் விழுந்து எழுந்தார்.

“நீங்க என்ன வரிசை சொல்றீங்களோ அதை டூல்ல ஏத்திருவோம் சார். அப்புறம் அதுதான் சிறந்த பாதை.”

காளீஸ்வரி அன்றுதான் வாயைத் திறந்தாள். “இது அளந்து பாக்காதாங்கய்யா?”

“அளக்கும் மேடம். அளந்ததை வெளிய சொல்லாது. அதுக்கு ஒரு வசதி வச்சிருக்கோம்.” ஒவ்வோர் ஊரிலும் தீபாராதனை நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் நிற்கவைக்கவும் வசதி உண்டு என்றார். எல்லோருக்கும் மனசு குளிர்ந்தது. “ஏதாவது ஒரு ஊர்ல தகவல் வாங்குற மெஷின் ஓடலைன்னா மட்டும் அந்த ஊரைத் தாண்டிப் போயிரும். அது ஒரு பாதுகாப்புக்கு.”

“தாண்டியா?” ராமநாதன் எழுந்துவிட்டார். “கல்யாணத்துக்குச் சொல்ல வர்றவுக, வீடு பூட்டிக் கெடந்தா தாண்டிப் போயிருவாகளா? காத்திருந்து, ஆளப் பாத்து, முறையாச் சொல்லிட்டுத்தான் போவாக. அதுதானே நம்ம ஊரு வழக்கம்?”

டூல்காரர் அந்தப் பாதுகாப்பை அங்கேயே, அவர்கள் கண் முன்னாலேயே எடுத்துவிட்டார்.

காளீஸ்வரி எழுந்தாள். “ஐயா, ஸ்கேன் அப்படி நின்னுச்சுன்னா இங்குட்டு ஒரு உசிரு போயிருமய்யா.”

“நல்லாச் சொன்னீக” என்றார் தலைவர் கனிவோடு. “பிரதிநிதியோட கருத்தைப் பதிவு பண்ணிக்கங்க.” பதிவு செய்தார்கள். செல்போனில் படம்பிடித்துக் குறுக்கு வழியில் அனுப்பும் ஸ்கேனை டாக்டர் பார்க்கக் கூடாது என்றும் ஒரு தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். ஏகமனதாக இருக்க வேண்டும் என்று தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது. ஒன்றுமில்லாததற்கு இதுவாவது இருக்கட்டும் என்று அவளும் கையைத் தூக்கினாள்.

துவக்க விழாவில் டூல் பெட்டிக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள். சோதனைக்கு ஒரு ஸ்கேனை அனுப்பினார்கள். ஒவ்வோர் ஊரிலும் விளக்கு பச்சையாக மாறும்போதும் அந்த ஊர்க்காரர்கள் எழுந்து கும்பிட்டார்கள். விருந்து முடிந்து தாம்பூலம் போடும்போது ஸ்கேன் காரைக்குடி வந்து சேர்ந்தது. தேர் நிலைக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று கண் கலங்கினார் தலைவர். டாக்டர் சௌபர்ணிகா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

“தம்பி, இது முன்னைக்கு மோசமா இருக்கே?” என்றாள் காளீஸ்வரி பாண்டியராஜனிடம்.

“எனக்கும் தெரியும்க்கா” என்றான் அவன். “வீட்டுக் கடன் போட்டிருக்கேன்.”

ஐப்பசியில் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம். உழவுக்குப் போன இருளாண்டியை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். மத்தியானமே கை மரத்திருக்கிறது. இன்னும் நாலு சால்தானே, ஓட்டி முடித்துவிட்டு வருவோம் என்று இருந்திருக்கிறான் மகராசன். காளீஸ்வரி அவன் மோவாயைப் பிடித்தாள். “மாமா, சிரிங்க.” உதடு ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

நேரக் கெடுவில் முக்கால்வாசி போயிருந்தது. மீதி போதும், ஸ்கேன் உடனே போனால். ஊசியை எடுத்துத் தயாராக வைத்துவிட்டு, ஸ்கேனை எடுத்து அனுப்பினாள். திரையில் எழுத்து வந்தது: ‘நெற்குப்பை. காத்திருக்கிறது.’

காத்திருந்தது. காத்திருந்துகொண்டே இருந்தது.

பாண்டியராஜனைக் கூப்பிட்டாள். “நெற்குப்பையில மெஷினையே நிறுத்தி வச்சிருக்காகக்கா. தாண்டிவிடத் தலைவர் உத்தரவு வேணும், அவுக போனை எடுக்கல. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், இப்ப வந்துரும்.” அந்த ‘இப்ப’வை நம்பித்தான் அவள் கொஞ்ச நேரத்தைத் தொலைத்தாள். பிறகு ராமநாதனையே கூப்பிட்டாள்.

“அடடா, கேட்டதும் மனசு பதறுதாத்தா” என்றார் அவர். பதறவும்தான் செய்தது, குரலில் தெரிந்தது. “எங்க பங்காளி வீட்ல பெரியவுக தவறிட்டாக. தலைவரும் இங்கதான் இருக்காக. தீட்டோட மரியாதை வாங்குறது முறையில்ல பாரு. அதான் மெஷினை நானே நிறுத்தி வச்சேன்.”

“ஐயா, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், போட்டுவிடுங்க.”

“போட்டா ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்த்தா. நாளைக்குக் கண்டரமாணிக்கத்துக்காரன் சபையில நாக்கைப் பிடுங்குற மாதிரிக் கேப்பான்.”

“அப்ப உங்க ஊரைத் தாண்டியாச்சும் போகச் சொல்லுங்கய்யா!”

“அதை நான் ஒருத்தன் எப்படிச் சொல்றது? கமிட்டிதான் கூடணும். கருமாதி முடியட்டும், மொத வேலையா அதான்.”

தீர்மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று அவள் திரையைச் செல்போனில் படம்பிடித்து டாக்டருக்கு அனுப்பினாள். டாக்டரும் தீர்மானத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் பார்த்தார். “தெளிவா இல்லக்கா. கசிவு இல்லைன்னு இதை வச்சுச் சொல்ல முடியல. நம்பி ஊசி போட்டா நானே கொன்ன மாதிரி ஆயிரும். ஆளைத் தூக்கிட்டு வந்துருங்க.” ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில், எங்கும் நிற்காமல், யாருக்கும் மரியாதை செய்யாமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்து, ஊர் போய்ச் சேர்ந்து, அங்கே மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ரத்தம் கட்டித்தான் இருந்தது. ஊசிக்கு ஏற்ற நோய்தான். கெடுதான் தாண்டியிருந்தது. டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

கருமாதி முடிந்து நெற்குப்பை மெஷின் ஓடத் தொடங்கிய அன்று, அந்த ஸ்கேன் ஊர் ஊராக நின்று, ஒன்றையும் விடாமல், காரைக்குடி வந்து சேர்ந்தது. ‘சிறந்த பாதையில் வெற்றிகரமாகச் சேர்ந்தது’ என்று டூல் எல்லோருக்கும் செய்தி அனுப்பியது.

இருளாண்டி பிழைத்தான். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பான். பசிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. அவன் அழும்போதும் அதே சொல்தான் வந்தது.

கமிட்டி கல்லலுக்கே வந்தது, பழத்தட்டோடும் பொன்னாடையோடும். ராமநாதன் இருளாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தலைவர் பேசினார். “நடந்தது பெரிய துயரம். ஆனா ஒண்ணக் கவனிக்கணும். டூலு தப்புச் செய்யல. சொன்ன வரிசையில ஒரு இம்மி பிசகல. துக்க வீட்டுக்குக்கூட மதிப்புக் குடுத்து நின்னிருக்கு. இப்பேர்ப்பட்ட பண்பு மனுசங்ககிட்டயே இன்னைக்கு இல்ல.” பிறகு குனிந்து கேட்டார். “தம்பி, எங்க மேல மனக்குறை ஒண்ணுமில்லையே?”

“சரி” என்றான் இருளாண்டி.

“பாத்தீகளா, என்ன பெருந்தன்மை!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தலைவர். “கல்லலுக்கு வரிசையில இடமில்லாததுதான் இவ்வளவுக்கும் காரணம்னு கமிட்டி உணருது. ராமநாதன் அண்ணே தாமா முன்வந்து விட்டுக்குடுத்துட்டாக. இனிமே முதல் மரியாதை கல்லலுக்குத்தான். எந்த ஊர் ஸ்கேனா இருந்தாலும் இங்க வந்து நின்னுட்டுத்தான் மத்த ஊருக்குப் போகும். தீபாராதனை நேரமும் உங்களுக்குத்தான் அதிகம்.”

“ஐயா!” காளீஸ்வரி கத்தியேவிட்டாள். “எனக்கு எந்த மரியாதையும் வேணாம். அந்த வரிசையவே எடுத்துருங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“தன்னடக்கம்” என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னாடையை அவள் தோளில் போட்டுவிட்டுப் போனார்கள்.

கல்லலுக்கு மரியாதை வாங்கிக்கொள்ளப் புது டூல் பெட்டி ஒன்றை ஸ்கேன் அறை மூலையில் வைத்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் இருளாண்டியைச் சக்கர நாற்காலியில் கூடவே கொண்டுவந்து அந்த மூலையில்தான் உட்காரவைப்பாள் காளீஸ்வரி. ஒரு சாயங்காலம் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பெட்டியில் மணி அடித்தது. திரையில் எழுத்து வந்தது: ‘மீனம்மாள். கண்டரமாணிக்கம். தலை ஸ்கேன். கல்லல், மரியாதை நடக்கிறது.’

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தட்டினாள், அமுக்கினாள். கம்பியைப் பிடுங்கலாம் என்று கையைக் கொண்டுபோனவள், பிடுங்கினால் இங்கேயே காத்துக் கிடக்கும் என்பது நினைவுக்கு வர, சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். “போ தாயி, போயிரு” என்று பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். ஸ்கேன் அங்கேயே நின்றது.

போன் அடித்தது. கண்டரமாணிக்கத்து நர்ஸ் பிள்ளை, அழுகிற குரல். “அக்கா, ஒங்ககிட்டதான் நிக்குதாம். பிள்ளத்தாச்சிக்கா. கொஞ்சம் விட்டுவிடுங்கக்கா.”

காளீஸ்வரி என்னென்னவோ சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“அதை நான் ஒருத்தி எப்படிம்மா செய்யிறது? கமிட்டிதான் கூடணும்.”

சொன்னபிறகுதான் தன் காதில் விழுந்தது அவளுக்கு. போனைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். மூலையில், மோவாயில் கஞ்சி வழிய, இருளாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி” என்றான்.